தம்பியின் கம்ப்யூட்டர் மேசையும் என் அலட்சியமும்

நைட் டூட்டி முடிஞ்சு வந்து எழுதுறேன், இழை கொஞ்சம் நீளம். உங்க வீட்டில் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து கோடு எழுதுறவங்க யாராவது இருந்தா அவங்களுக்கும் அனுப்புங்க. ஒரு அரசு டாக்டர் பண்ணின தப்பைச் சொல்லப் போறேன். அந்த டாக்டர் நான்தான்.

என் சித்தி பையன் சாஃப்ட்வேர் என்ஜினியர். 2020 லாக்டவுன் வந்தப்போ சென்னை ரூமைக் காலி பண்ணிட்டு, கம்பெனி லேப்டாப்போடு ஊருக்கு வந்தான். முதல் ரெண்டு மாசம் சாப்பாட்டு மேசையும் பிளாஸ்டிக் சேரும்தான் அவன் ஆபீஸ். குழம்புச் சட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் அரை அடி இடைவெளி. ஊரிலிருந்தே வேலை பார்க்கலாம்னு கம்பெனி சொன்ன பிறகு, மாடி ரூமைக் கொஞ்சம் கொஞ்சமா மாற்ற ஆரம்பிச்சான்.

இப்போ அந்த ரூமில் 27 இன்ச் மானிட்டர் ரெண்டு இருக்கு. ஒண்ணு வழக்கம்போல படுக்கை வாட்டில், இன்னொண்ணு நெட்டுக்குத்தலா. "கோடு மேல இருந்து கீழ நீளமா போகும்க்கா. இப்படி வெச்சா ஸ்க்ரோல் பண்ணாம நிறைய வரி தெரியும்." எடிட்டர், டாக்கர் கன்டெய்னர், நாற்பது ப்ரவுசர் டேப் எல்லாம் ஒண்ணா ஓடணும்னு 32 ஜிபி ரேம். கரண்ட் போனா மீட்டிங் அறுந்திடக் கூடாதுன்னு மோடத்துக்கு மட்டும் தனியா ஒரு குட்டி யுபிஎஸ்.

அப்புறம் அந்த கீபோர்டு. மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் தனித்தனி சுவிட்ச் இருக்குமாம். அதுக்குக் கலர் கணக்கு உண்டு. நீலம்னா அழுத்தும்போது டிக்னு சத்தம் வரும். பிரவுன்னா சத்தம் கம்மி, விரலுக்கு மட்டும் ஒரு சின்னத் தட்டு தெரியும். சிவப்புன்னா தட்டே இல்லாம வழுக்கிட்டு இறங்கும். இவன் வாங்கினது நீலம். "மாடியில யாரோ பொரி வறுக்கிற மாதிரியே இருக்கு"ன்னு சித்தி சொல்லும்.

நான் இதையெல்லாம் வெட்டிச் செலவுன்னு நினைச்சதில்லை. முதல் மாசச் சம்பளத்தில் நல்ல ஸ்டெதஸ்கோப் வாங்கினவதான் நானும். எங்க சர்ஜன் தனக்குன்னு வெச்சிருக்கிற நீடில் ஹோல்டரை யாராவது எடுத்தா முறைப்பார். கையால் வேலை செய்யிறவங்களுக்குத் தன் கருவி மேல ஒரு பிடிவாதம் இருக்கத்தான் செய்யும்.

ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "அக்கா, வலது கை விரலெல்லாம் அப்பப்ப மரத்துப் போகுது." நான் இலையைப் பார்த்துக்கிட்டே, "அந்த கீபோர்டைப் போட்டு தட்டுறல்ல, வேற மாத்திப் பாருடா"ன்னேன்.

அவ்வளவுதான் என் வைத்தியம். கையைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. ஓபியில் முன்பின் தெரியாத ஒருத்தர் இதே பேச்சைச் சொல்லியிருந்தா அஞ்சு கேள்வியாவது கேட்டிருப்பேன். சொந்தக்காரன்கிறதால அதுகூடக் கிடைக்கலை.

அக்கா சொன்னதை அவன் நம்பினான். நீலம் போய் சிவப்பு வந்தது. அப்புறம் ரெண்டா பிரிஞ்ச கீபோர்டு. அப்புறம் கை குலுக்குற மாதிரி பிடிக்கிற செங்குத்து மவுஸ். அப்புறம் மணிக்கட்டுக்கு ஜெல் மெத்தை. ஒவ்வொண்ணும் வந்து பத்து நாள் நல்லா இருக்கிற மாதிரி தெரியும், திரும்பப் பழைய கதை.

ஏழு மாசம் கழிச்சு பொங்கலுக்குப் போயிருந்தேன். காபி டம்ளர் அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. "இப்ப அடிக்கடி இப்படித்தான்"னு சித்தி சாதாரணமா சொன்னாங்க.

"நைட்டு எப்படிடா இருக்கு?"

"தூக்கத்துல எழுப்பிடுதுக்கா. கையை உதறினா கொஞ்ச நேரத்துல சரியாகும்."

"எந்த விரல்?"

"கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல். சுண்டு விரல் நல்லாத்தான் இருக்கு."

"யாரையாவது பார்த்தியா?"

"ரெவ்யூ பார்த்தேன்க்கா."

சிரிப்பு வரலை. ரெண்டு கையையும் மல்லாத்தி வெக்கச் சொன்னேன். கட்டை விரலுக்கு அடியில் சதை மேடு ஒண்ணு இருக்குமே, அது இடது கையில் உருண்டையா இருந்தது. வலது கையில் தட்டையா இறங்கியிருந்தது.

நம்ம மணிக்கட்டில் ஒரு குறுகலான சுரங்கப்பாதை இருக்கு. கீழே எலும்பு, மேலே ஒரு கெட்டியான நார்ப்பட்டை. அதுக்குள்ளே விரல்களை மடக்குற 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கியடிச்சுப் போகுது. உள்ளே கொஞ்சம் வீக்கம் வந்தாலும் முதல்ல நசுங்குறது நரம்புதான். சுண்டு விரலுக்கு வேற நரம்பு, அது இந்தப் பாதையில் வராது. அதனாலதான் சுண்டு விரலைத் தனியா கேட்கிறோம். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடக்கிறதால ராத்திரியில் தொல்லை அதிகம். இதுக்குப் பேர் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்.

இது டைப் அடிக்கிறதாலதான் வருதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. பந்தியில் நானும் அதைத்தான் சொன்னேன். ஆனா கீபோர்டை மட்டும் குற்றவாளின்னு சொல்ல ஆய்வுகளில் பலமான ஆதாரம் இல்லை. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, உடல் பருமன், கர்ப்பம் இதெல்லாம் தெரிஞ்ச காரணங்கள். அதனால அஞ்சு கேள்வியை அன்னைக்குத்தான் கேட்டேன். வெயிட் எட்டு கிலோ ஏறியிருக்கு. எந்நேரமும் அசதி. மலச்சிக்கல். ஃபேன் போட்டா குளிருது. எல்லாத்துக்கும் அவன் வெச்ச பேர் "வீட்டுல இருந்து வேலை பார்க்கிறதால."

ரத்தம் எடுத்தோம். சர்க்கரை நார்மல். டி.எஸ்.ஹெச் ரொம்ப அதிகம், அதாவது தைராய்டு சரியா சுரக்கலை. தைராய்டு குறைஞ்சா உடம்புத் திசுக்கள் கொஞ்சம் ஊதும், மணிக்கட்டுக்குள்ளேயும் ஊதும். மருத்துவக் கல்லூரியில் நரம்பு மின்னோட்டப் பரிசோதனை செஞ்சப்போ நரம்பு நசுங்கியிருக்கிறது உறுதியாச்சு. தைராக்சின் மாத்திரை ஆரம்பிச்சோம். ஆனா தசை இளைக்க ஆரம்பிச்சதால ஆபரேஷனும் தேவைப்பட்டது. இடத்தை மட்டும் மரத்துப் போகவெச்சு அந்த நார்ப்பட்டையை வெட்டி விடுற சின்ன ஆபரேஷன்தான். முதல்லயே கண்டுபிடிச்சிருந்தா மாத்திரையும், ராத்திரியில் மணிக்கட்டை நேரா வெக்கிற பட்டையுமே போதுமா இருந்திருக்கலாம். இப்போ மரமரப்பு போயிடுச்சு. சதை மேடு இன்னும் முழுசா வரலை. அந்தக் கையைப் பார்க்கிறப்பெல்லாம் எனக்கு அந்த ஏழு மாசம்தான் ஞாபகம் வரும்.

அப்போ கீபோர்டுல ஒண்ணுமே இல்லையான்னா, அப்படியும் சொல்ல முடியாது. க்னு திட்டத்தை ஆரம்பிச்ச ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு 1990-களின் நடுவில் கடுமையான கைவலி வந்தது. அவருக்காக டைப் அடிக்க ஆள் வெக்கிற அளவுக்குப் போச்சு. சில வருஷம் கழிச்சுத்தான் தன் கீபோர்டு பட்டன்கள் ரொம்ப இறுக்கமா இருக்கிறது காரணம்னு கண்டுபிடிச்சு, லேசான கீபோர்டுக்கு மாறினார். வலி பெரும்பாலும் போயிடுச்சு. தனக்கு வந்தது கார்ப்பல் டனல் இல்லைன்னு அவரே எழுதியிருக்கார். அவருக்குக் கீபோர்டு மருந்தாச்சு, என் தம்பிக்கு ஆகலை. எது எதுன்னு பொருளோட ரெவ்யூ பார்த்துச் சொல்ல முடியாது, கையைப் பார்த்துத்தான் சொல்லணும்.

கழுத்து, தோள், முதுகு, கண்ணுக்கு மேசை அமைப்பு நிச்சயமா உதவும். அதுக்குப் பெரிய செலவு வேண்டாம்:

1. ஸ்கிரீனோட மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். லேப்டாப்னா அடியில் தடிப் புத்தகங்களை அடுக்கி, தனி கீபோர்டும் மவுஸும் வெச்சுக்கோங்க. விலை குறைஞ்ச கீபோர்டே போதும்.

2. முழங்கை கிட்டத்தட்ட செங்கோணத்தில், மணிக்கட்டு நேரா. கீபோர்டுக்குப் பின்னாடி இருக்கிற குட்டிக் கால்களை மடக்கி விடுங்க, அதைத் தூக்கி வெச்சா மணிக்கட்டு வளையும்.

3. சாப்பாட்டு மேசை பல பேருக்கு உயரம் அதிகம். சேரை உயர்த்துங்க, கால் தொங்கினா அடியில் ஒரு மணைக்கட்டையைப் போடுங்க.

4. 20 நிமிஷத்துக்கு ஒருதடவை 20 அடி தூரத்தில் இருக்கிறதை 20 விநாடி பாருங்க. அரைமணிக்கு ஒருதடவை எழுந்திரிங்க. நின்னுக்கிட்டு வேலை பார்க்கிற மேசை வாங்கினாலும் நாள் முழுக்க நிக்கக் கூடாது. மாறி மாறி இருக்கிறதுதான் முக்கியம்.

எதையும் ஆர்டர் பண்ணாம நேரா டாக்டர்கிட்ட வர வேண்டியது எப்போ? மரமரப்பு தூக்கத்தில் எழுப்பினா. பொருள் கை நழுவினா. பட்டன் போடச் சிரமப்பட்டா. கட்டை விரல் மேடு இளைச்சா. கழுத்து வலி கை வரைக்கும் இறங்கினா. பக்கத்து ஜி.ஹெச்சுக்கே வாங்க.

போன மாசம் டி.எஸ்.ஹெச் ரிசல்ட்டைக் காட்டத் தம்பி எங்க ஓபிக்கு வந்திருந்தான். கூட்டம் குறையிற வரைக்கும் ஓரமா உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தான். என் மேசையில் மானிட்டர் இடது மூலையில் தாழ்வா இருக்கும். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பித்தான் பதிவு போடுவேன். மூணு வருஷமா இடது தோள் வலி, வயசாகுதுன்னு விட்டுட்டேன்.

எழுந்து வந்தான். அலமாரியிலிருந்து ரெண்டு பழைய ரிஜிஸ்டரை எடுத்து மானிட்டருக்கு அடியில் வெச்சான். நேரா என் பக்கம் திருப்பினான்.

"தோள் வலின்னு எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க. நானும் உங்களை மாதிரி கேட்டுட்டுச் சும்மா இருந்துட்டேன்க்கா"ன்னான்.

வீட்டு ஆளுங்க சும்மா பேச்சுவாக்கில் சொல்ற வலியையும் ஒரு நிமிஷம் நின்னு கேளுங்க மக்களே.