சிவப்புக் கவர் மாப்பிள்ளை

தைவான் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ரோட்டில் சிவப்புக் கவர் கிடந்தால் குனியாதீர்கள். கல்யாணம் ஆகிவிடும் அபாயம் இருக்கிறது. பெண் உயிரோடு இல்லை என்பதுதான் சிக்கல்!

கவருக்குள் கொஞ்சம் பணம், கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணின் பிறந்த நாள் குறிப்பு, சில சமயம் அவளுடைய முடி, நகம். எடுத்தவன்தான் மாப்பிள்ளை. மறைந்து நிற்கும் பெண் வீட்டார் ஓடிவந்து சூழ்ந்துகொள்வார்கள். நம்மூர் மோகினியாவது மல்லிகைப்பூ வாசம், கொலுசுச் சத்தம் என்று முன்கூட்டியே தகவல் கொடுப்பாள்.

சிரித்தாயிற்றா? இப்போது காரணத்தைக் கேளுங்கள். சீனக் குடும்பங்களின் பழைய வழக்கப்படி, மகளுக்குப் பிறந்த வீட்டுப் பூஜை மாடத்தில் இடம் கிடையாது. புருஷன் வீட்டில்தான் அவள் பெயர்ப்பலகையை வைத்துக் கும்பிடுவார்கள். புருஷனே இல்லையென்றால்? ஆவியாக அலைய வேண்டியதுதான். வீட்டில் யாருக்காவது உடம்பு படுத்தினால், 'அவள் கல்யாணம் கேட்கிறாள்' என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

நிஜமாகக் கேட்பது யார்? ஃப்ராய்டு 1913-ல் 'டோட்டமும் டாபுவும்' நூலில் ஒன்று சொன்னார். செத்தவர்மேல் நமக்குப் பாசம் மட்டுமல்ல, அடிமனசில் கொஞ்சம் விரோதமும் உண்டு. அதை ஒப்புக்கொள்ள முடியாமல், அவர்தான் நம்மேல் கோபமாக இருக்கிறார் என்று பயப்படுகிறோம். அப்படிப் பார்த்தால், பெண்ணுக்கு இடம் கொடுக்காத வீட்டின் உறுத்தல்தான் அவளுடைய கல்யாண ஆசையாக வேஷம் போட்டு வருகிறது. செத்த பிறகும் பெண்ணுக்கு ஒரே ஆசைதான் இருக்க முடியும் என்று உயிரோடு இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

1973 செப்டம்பர் 3. தைவானின் காவ்சியுங் துறைமுகத்தில் படகு கவிழ்ந்து 25 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் ஃபேக்டரி வேலைக்குப் போன கல்யாணமாகாத பெண்கள். ஒன்றாகப் புதைத்தார்கள். அந்த வழியாகப் போகும் வாலிபர்களின் பைக் திடீரென்று நின்றுவிடும் என்று ஊரில் பேச்சு. புருஷன் தேடுகிறார்களாம்!

என் மனைவியிடம் சொன்னேன்.

"ஏங்க, சம்பளக் கவரைக் கொண்டுவந்து குடுத்தப்போ அந்த வீட்டுப் பொண்ணு. செத்ததும் இடமில்லையா? அந்தப் பொண்ணுங்க ஏதாவது கேட்டிருந்தா, ஒழுங்கான படகைத்தான் கேட்டிருப்பாங்க. புருஷனையா கேப்பாங்க?" என்றாள்.

பெண்கள் அமைப்புகள் விடாமல் குரல் கொடுத்ததில், 2008-ல் அந்தக் கல்லறைக்கு உழைக்கும் பெண்கள் நினைவுப் பூங்கா என்று பெயர் மாறியது. முப்பத்தைந்து வருஷம் பேய்களாக இருந்தவர்கள் மறுபடியும் தொழிலாளிகள் ஆனார்கள். அதற்கு மாப்பிள்ளை யாரும் தேவைப்படவில்லை.