படம் வரைந்தால் வயிறு நிறையுமா?

ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பிள்ளையாவது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மயிலையும் மாரியம்மனையும் வரைந்து வைத்திருக்கும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இத்தனை ஆண்டுகளாக நான் கண்டு வருவது இது. பெற்றோரைக் கூப்பிட்டு, "பிள்ளைக்கு நல்ல கை" என்று சொன்னால், "படம் வரைந்தால் வயிறு நிறையுமா, சார்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் தேடி, ஒரு பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரில் சில ஓவியக் கூடங்களுக்குப் போய் விசாரித்தேன்.

1958-இல் தொடங்கப்பட்ட தேசியக் கலைக்கூடத்தை நான் சொல்லவில்லை. அது பார்த்து மகிழ்வதற்கு. தனியார் நடத்தும் கூடமோ கடை மாதிரி. ஓவியர் படத்தைக் கொடுப்பார். கூடத்துக்காரர் சுவரில் மாட்டி, விலை சொல்லி விற்பார். விற்ற பணத்தில் பாதி வரைக்கும் கூடத்துக்குப் போவது வழக்கம். 1,000 வெள்ளிக்கு விற்றால் ஓவியருக்கு 500 வெள்ளி. கேட்கக் கசக்கிறது. ஆனால் கடை வாடகை, விளக்கு, அழைப்பிதழ் எல்லாம் கூடத்துக்காரர் செலவு. "இது அசல், இன்னார் வரைந்தது" என்று வாங்குபவருக்கு உறுதி சொல்வதும் அவரே. எல்லாம் சரி, அறிமுகம் இல்லாத தோட்டத்துப் பிள்ளை அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவது சுலபமா?

அந்த வியாபாரம் இப்போது மாறி வருகிறது. 2010 முதல் ஹென்றி புட்சர் நிறுவனம் கோலாலம்பூரில் ஓவியங்களை ஏலம் விட்டு வருகிறது. கூடத்துக்குள் காதோடு காதாகச் சொல்லப்பட்ட விலை, ஏலத்தில் ஊரறியக் கேட்கிறது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கதவுகள் மூடியபோது, கூடங்கள் இணையத்தையே நம்பிப் படங்களைக் காட்டின. ஓவியர்களும் கூடத்துக்குக் காத்திராமல் கைப்பேசி வழியாகத் தாங்களே விற்கிறார்கள்.

என் பழைய மாணவி ஒருத்தி பகலில் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். இரவில் கோயில்களை வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுகிறாள். விற்ற காசு முழுவதும் அவளுக்கே. ஆனால் விலை பேசுவதும், பொட்டலம் கட்டுவதும், தபாலில் உடைந்தால் பதில் சொல்வதும் அவளே. ஒரு முறை அவள் வரைந்த கோபுரத்தை யாரோ கேட்காமலே எடுத்துத் துணிப்பையில் அச்சடித்து விற்றுவிட்டார்கள். கூடத்துக்காரர் வாங்கிய பாதிப் பணம் எதற்கென்று அன்றுதான் புரிந்ததாம்.

இங்கே சட்டம் தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாக வரைந்த படத்தின் உரிமை வரைந்தவருக்கே. அவர் காலத்துக்குப் பிறகும் 50 ஆண்டுகள் அது நிற்கும். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டபடி கூலிக்கு வரைந்து கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை கேட்டவருக்குப் போய்விடும். எனவே முன்பணம் வாங்குமுன் நாலு வரியாவது எழுதிக் கையெழுத்து வாங்குவது நல்லது.

பெற்றோர்களே, ஓவியம் மட்டுமே வயிற்றை நிரப்பும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். படிப்பும் ஒரு கைத்தொழிலும் கூடவே இருக்கட்டும். ஆனால் வரைகிற கையைத் தட்டிவிடாதீர்கள். படத்தின் மூலையில் பெயரும் தேதியும் போடவும், தாளுக்கும் சாயத்துக்கும் ஆன செலவை எழுதி வைக்கவும் இப்போதே பழக்குங்கள். கண்ணாடிக் கதவு திறக்கக் காத்திருக்க வேண்டிய காலம் போய்விட்டது. கணக்குத் தெரிந்த ஓவியனை ஏமாற்றுவதும் அத்தனை சுலபமல்ல.