தாளில் விழும் எண்

காஞ்சிபுரம்

அன்புள்ள செல்வம்,

பிள்ளையார்பாளையத்தில் தங்கச்சிக்குப் பட்டுச்சேலை விலை கேட்கப் போனால் போர் விமானத்தைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. தறிக்குழியில் கால் வைத்தபடியே நெசவாளர் கேட்டார்: "அபிநந்தன் ஓட்டினாரே, அந்த விமானம் அவருக்குன்னே குடுத்ததா சார்?"

இந்தப் பக்கத்தில் அது ஊர்க்கதை. 2019-இல் பாகிஸ்தானிடம் சிக்கி மீண்ட விமானி அபிநந்தன் வர்த்தமானின் பூர்விகம் திருப்பணமூர். இங்கிருந்து சுமார் 20 கி.மீ., தமிழ்ச் சமணர்கள் வாழும் கிராமம். அவருடைய அப்பாவும் விமானப்படையில் ஏர் மார்ஷலாக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவருக்கென்றே கொடுத்ததில்லை என்றேன். விமானம் ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவின் சொத்து. தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ள விமானிக்கு வழியில்லை. இன்றைக்கு எவையெல்லாம் பறக்கத் தகுதியாக இருக்கின்றன என்று பராமரிப்புப் பிரிவு சொல்லும். யார் எந்தப் பயிற்சிக்குப் போவது என்று ஃப்ளைட் கமாண்டர் திட்டம் போடுவார். இரண்டும் சேரும்போது விமானியின் பெயருக்கு நேரே ஒரு விமானத்தின் எண் விழும். காலையில் ஒருவர் ஓட்டியதை மாலையில் இன்னொருவர் ஓட்டுவார். வேறு மாதிரி செய்யவும் முடியாது. இத்தனை மணி நேரம் பறந்தால் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்று ஒவ்வொரு விமானத்துக்கும் கணக்குண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் கெடு வந்தால் ஸ்குவாட்ரனே தரையில் உட்கார்ந்துவிடும். அதனால் சிலவற்றை அதிகம் பறக்கவிட்டு, சிலவற்றை மிச்சம் பிடிப்பார்கள். இதில் விமானியின் ஆசைக்கு ஏது இடம்?

ஆனால் ஒரு கையெழுத்து உண்டு. பிரிட்டிஷார் காலத்திலிருந்து வரும் ஃபார்ம் 700. முன்பு என்ன பழுது வந்தது, யார் சரிசெய்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்து, விமானத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்து ஒப்பமிட்டால் பொறுப்பு விமானியுடையது. இறங்கியதும் கண்ட குறையை எழுதித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஹெல்மெட், ஆக்சிஜன் முகமூடி, ஜி-சூட் போன்றவை மட்டும்தான் அவருக்கென்று அளவு பார்த்துக் கொடுத்தவை.

நெசவாளருக்கு இது பிடிக்கவில்லை. "பாவு ஏத்திட்டா அறுக்கிறவரைக்கும் ஒரே கைதான் சார். கை மாறினா அடி மாறிடும், சேலையிலயே தெரிஞ்சிடும்" என்றார். விமானப்படையிலோ, எந்தக் கை ஏறினாலும் ஒன்றுபோல் பறக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பயிற்சியும் சோதனையும்.

அமெரிக்காவில் விமானி அறையின் ஓரத்தில் பெயர் எழுதுகிறார்களே என்பாய். அது மரியாதைக்கு. பெயருக்குரியவர் அன்று வேறொன்றில் பறந்துகொண்டிருக்கலாம். அதே விமானத்தில் பராமரிப்புத் தலைவரின் பெயரும் இருக்கும். என்னைக் கேட்டால் அந்தப் பெயருக்குத்தான் உரிமை அதிகம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விங் கமாண்டர்கள் தங்கள் பெயரின் முதலெழுத்துகளையே விமானத்தில் தீட்டிக்கொண்டார்கள். பதவி தந்த சலுகை அது.

2019 பிப்ரவரி 27 அன்று ஸ்ரீநகரின் 51-ஆம் ஸ்குவாட்ரனிலிருந்து அபிநந்தன் கிளம்பியது மிக்-21 பைசனில், எண் 2328. அது சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் வெளியே குதித்து, பாகிஸ்தானிடம் சிக்கி, மார்ச் 1 அன்று திரும்பினார். பிறகு வீர் சக்ரா. அந்த எண்ணை இன்று யார் சொன்னாலும் அவர் பெயர்தான் நினைவுக்கு வருகிறது. முன்னால் அதே இருக்கையில் உட்கார்ந்து, அதே தாளில் ஒப்பமிட்டு, பத்திரமாக இறங்கிப் போனவர்களை யாருக்குத் தெரியும்?

51-ஆம் ஸ்குவாட்ரனின் மிக்குகள் 2022 செப்டம்பரில் ஓய்வு பெற்றன. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 வகைக்கே விடை கொடுத்தார்கள். நம் சூலூரில் இப்போது தேஜஸ். 2020-இல் அங்கே தேஜஸுடன் மீண்டும் தொடங்கிய 18-ஆம் ஸ்குவாட்ரன், 1971-இல் ஸ்ரீநகரைக் காக்க நாட் விமானத்தில் எழும்பி உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் செக்கோனுடையது. விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள் அவர்தான். விமானம் மாறினாலும் ஸ்குவாட்ரனின் எண் மாறவில்லை.

மாலையில் திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலுக்குப் போனேன். அங்கே மூலவர் மகாவீரர். வர்த்தமானர் என்றாலும் அவர்தான். நாளை திருப்பணமூருக்கும் பக்கத்திலுள்ள கரந்தைக்கும் போகிறேன். சேலை விலையை அங்கிருந்து வந்து எழுதுகிறேன். தங்கச்சியிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
ரகு