ஊசியிலைக் காட்டில் ஒரு மாலை

சென்ற கோடை விடுமுறையில் இங்கிலாந்தில் பணிபுரியும் அண்ணன் வீட்டிற்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. ஒரு மாலை அவர் என்னைத் தெட்ஃபோர்டு காட்டிற்கு அழைத்துச் சென்றார். வானளாவிய பைன் மரங்கள், காலடியில் மெத்தையென உதிர்ந்த ஊசியிலைகள், எங்கும் பேரமைதி. "மனிதன் கை படாத இயற்கையின் ஆலயம்!" என்று வியந்தேன்.

அண்ணன் சிரித்தார். "மர வரிசையைப் பாரடா. அப்பா சவுக்கு நட்டது நினைவில்லையா?"

பார்த்தேன். கயிறு பிடித்து நட்டாற்போல நேர்வரிசை! முதல் உலகப்போரில் மரத்திற்குத் தவித்த அந்நாடு, 1919-இல் வன ஆணையம் அமைத்து, 1922 முதல் இம்மணற்பாங்கான நிலத்தில் பைன் கன்றுகளை நட்டது. 1930-களில் வேலையிழந்த தொழிலாளர் பலரும் முகாம்களில் தங்கி இங்கே உழைத்தனர்.

எங்கள் தந்தையும் கூலிக்காகப் பிறர் நிலத்தில் சவுக்கு நட்டவர்தாம். அத்தோப்பின் நிழலில் ஒருநாளும் அவர் இளைப்பாறியதில்லை. பைன் மரங்களினூடே காற்று வீசியது. அதே சவுக்குத் தோப்பின் ஓசை!

நண்பர்களே! இயற்கையைப் புகழச் சென்ற நான், பெயர் தெரியாத அந்தக் கைகளை வணங்கித் திரும்பினேன்.