பருந்துக்கு யார் பிணை?

சிபி மன்னனின் வரலாற்றை வகுப்பில் எடுத்துரைக்கும்போதெல்லாம் மாணவர் நெஞ்சம் புறாவின் மீதே தங்கும். துரத்தி வந்த பருந்தின் பசியை எவரும் எண்ணுவதில்லை. ஆண்டு பலவாக நாமும் அவ்வாறே பாடம் நடத்தி வந்தோம். அந்தப் பருந்தே அடிபட்டு நம் வாயிலுக்கு வந்தபோதுதான், நாம் கற்பித்த கருணையின் குறை நமக்குப் புலனாயிற்று.

கபிலரும் மாணிக்கவாசகரும் பிறந்த ஊரெனப் போற்றப்படும் திருவாதவூரில் நம் இல்லம் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், கண்மாயில் கைவிடப்பட்டுக் கிடந்த நைலான் வலையில் சிக்கி இறக்கை கிழிந்த செம்பருந்து ஒன்றை, நம் மாணவர் ஒருவர் துண்டில் சுற்றிக் கொணர்ந்தார். "ஐயா, உயிர் இருக்கிறது. எப்படியாவது பிழைக்க வையுங்கள்" என்றார்.

அதனைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து முற்றத்தில் வைத்தோம். அலகைப் பிரித்துப் பால் ஊற்றினோம். பாலில் நனைத்த ரொட்டியை ஊட்டினோம். தெருப்பிள்ளைகள் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்த்தனர். அறம் செய்வதாகவே எண்ணி மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் வைகறைத் தொழுகைக்கு எழுந்தபோது அது விறைத்துக் கிடந்தது. செய்தியறிந்த மாணவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதேனும் சமாதானம் கூறியிருப்போம். அந்த மௌனமே நம்மைக் கற்கத் தூண்டியது.

நாம் செய்த ஒவ்வொன்றும் பிழையே என்பதைப் பின்னரே அறிந்தோம். ஊன் உண்ணும் பறவைக்குப் பாலும் ரொட்டியும் உணவல்ல. வலிந்து ஊற்றும் நீர்மம் மூச்சுக்குழலில் இறங்கி உயிரையே போக்கிவிடும். காட்டுப் பறவைக்கு மனித முகங்கள் சூழ்வதே பேரச்சம். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருளிலும் அமைதியிலும் வைத்து, வனத்துறையினருக்கோ கால்நடை மருத்துவருக்கோ விரைந்து தெரிவிப்பதே முறை. பரிவு மட்டும் போதாது. அறிவோடு கூடிய பரிவே உயிர் காக்கும்.

இதனை வாழ்ந்து காட்டியோர் தில்லியைச் சேர்ந்த நதீம் ஷெஹ்சாத், முகமது சவூத் என்னும் உடன்பிறந்தார் இருவர். கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல் வானில் பறவையின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. விரைந்து வரும் பருந்தின் இறக்கைச் சவ்வையும் நரம்பையும் அது வாள்போல் அறுத்துவிடுகிறது. 2003ஆம் ஆண்டில் காயமுற்ற பருந்தொன்றைப் பறவை மருத்துவமனை ஒன்றுக்கு அவ்விருவரும் எடுத்துச் சென்றனர். ஊன் உண்ணும் பறவை என்று அங்கே மறுத்துவிட்டனர். பின்னர்த் தாமே மருத்துவம் பயின்று, சோப்பு நீர்க் கலங்கள் செய்யும் தம் தொழிற்கூடத்தின் அடித்தளத்திலேயே சிகிச்சை செய்யத் தொடங்கினர். 2010இல் அது ஓர் அமைப்பாயிற்று. பருந்துக்கு இறைச்சி இடுவது நன்மை சேர்க்கும் என்று இளமையில் கேட்டறிந்த சொல்லே அவர்களுக்கு வித்தாயிற்று. ஷௌனக் சென் இயக்கிய 'ஆல் தட் பிரீத்ஸ்' என்னும் ஆவணப்படம் இவர்களது பணியை உலகறியச் செய்தது. 2022இல் கான் திரைவிழாவில் தங்கக்கண் விருதினைப் பெற்ற அப்படம், 2023இல் ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

காயம் ஆற்றுவது பணியில் பாதியே. ஒடிந்த பறப்பிறகு உதிர்ந்து புதிது முளைக்கும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுகாறும் இரை ஊட்டினும் செல்லம் கொடுத்தலாகாது. மனிதனை நாடிப் பழகிய பருந்து வானுக்குரியதன்று. பறக்கும் வலிமையும் வேட்டையாடும் கூர்மையும் மீண்டபின் விடுவித்தல் வேண்டும்.

ஆயின் எங்கே விடுவிப்பது? மேலூரை அடுத்த அரிட்டாபட்டிக் குன்றுகளில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு முதலிய வேட்டைப்பறவைகள் வாழ்கின்றன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலம் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியை உள்ளடக்கி 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டபோது ஊர் மக்கள் ஒன்றுகூடி எதிர்த்தனர். 2025 ஜனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. இறக்கையைத் தைப்பவர் ஒருபுறம் உழைக்க, அது சென்று அமரும் பாறையைக் காப்போரும் மறுபுறம் வேண்டுமன்றோ?

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தை நாம் அனைவரும் கற்றிருக்கிறோம். வேடனிடம் அகப்பட்ட மானுக்கு நபிகள் நாயகம் (ஸல்) பிணை நிற்க, கன்றுக்குப் பாலூட்டச் சென்ற மான் சொன்னபடி திரும்பி வந்தது. பருந்துக்குப் பிணை நிற்போரின் நிலை வேறு. அது திரும்பி வாராதிருப்பதே அவர்தம் பிணைக்கு நிறைவு.

ஆசிரியப் பணியும் அத்தகையதே என்று இப்போது உணர்கிறோம். அன்று மௌனமாய் நின்ற மாணவர் இன்று ஒரு பள்ளியில் தமிழாசிரியர். அண்மையில் தொலைபேசியில் பேசினார்: "ஐயா, எங்கள் பள்ளி வளாகத்தில் ஆந்தை ஒன்று அடிபட்டுக் கிடந்தது. பெட்டியில் வைத்து மூடி வனத்துறைக்குச் சொல்லிவிட்டேன். பால் கொடுக்கவில்லை."

நாம் விடை கூறச் சற்று நேரமாயிற்று.