கருகிய பலகையும் பூட்டிய உரிமமும்

ஆம்பூரில் காலணியின் மேற்பாகம் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறை எங்களுடையது. சென்ற ஆண்டு ஐப்பசியில் இடி விழுந்து, கணிப்பொறியின் தாய்ப்பலகை கருகியது. நல்லவேளை, வன்தட்டு பிழைத்தது. பத்தாண்டுகளாக வரைந்த பேட்டர்ன்கள் யாவும் அதில் பத்திரமாய் இருந்தன. ஆயினும் புதுப் பெட்டியில் அவற்றைத் திறக்க இயலவில்லை. வரையும் மென்பொருளின் உரிமம், கருகிய பலகையின் அடையாளத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததாம்!

விற்ற நிறுவனத்தாரை அழைத்தோம். "அந்தப் பதிப்புக்கு இப்போது திறவெண் வழங்குவதில்லை, புதியது வாங்குங்கள்" என்றனர். விலையோ, எங்கள் தையற்பெண்கள் அறுவரின் இருமாதக் கூலி.

எல்லாரும் இப்படியல்லர். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், உறுப்புகள் மாறினால் தொலைபேசியில் எண் சொல்லி மீளத் திறக்க வழியிருந்தது. பழைய சி.எஸ்.2 மென்பொருளின் சரிபார்ப்பை நிறுத்திய அடோபி நிறுவனம், சரிபார்ப்பே வேண்டாத பிரதியை 2013-இல் வாங்கியவர்களுக்கு அளித்தது.

"பூட்டுடைத்த பிரதி இருக்கிறது, அண்ணே, ஐந்நூறு ரூபாய் போதும்" என்றார் பக்கத்துத் தெருத் தம்பி. காசு கொடுத்து வாங்கிய பொருள்தானே என்று மனம் வாதாடிற்று. இரண்டு இரவுகள் நாங்கள் இருவரும் உறங்கவில்லை. வேண்டாமென்றோம்.

ஓய்வுபெற்ற மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் லாஸ்டின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, கோடு வரைந்து, உரித்து, ஏழு அளவுகளையும் அட்டையில் கத்தியால் வெட்டித் தந்தார். ஒன்பது நாளாயிற்று, சரக்கு தாமதமாகவே போயிற்று.

பின்னர்க் கடன்பட்டு வேறொரு மென்பொருள் வாங்கினோம். பெட்டி மாறினால் உரிமமும் மாற்றித் தரப்படும் என்று எழுத்தில் பெற்ற பிறகே பணம் கட்டினோம். மேஸ்திரியின் அட்டைகளோ பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன.