முன் சொக்கையும் கொஞ்சம் பாருங்கள்

பைக் வாங்கும்போது நிறம் பார்க்கிறோம், ஒரு லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்கிறோம். முன் சொக்கைக் குனிந்து பார்ப்பவர்கள் நம்மில் குறைவு.

அந்த இரண்டு குழாய்களுக்குள்ளும் ஸ்பிரிங்கும் ஒயிலும் இருக்கின்றன. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். சிறு துளைகளால் நெருங்கிப் போகும் ஒயில் துள்ளலை அடக்கும். 1935இல் பிஎம்டபிள்யூ ஆர்12 பைக்கில் வந்த இதே முறைதான் இன்றும் நம் வீட்டு வாசல்களில் நிற்கிறது.

இதில் ஒரு குறை உண்டு. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னுக்கு வந்து சொக் அமுங்கிவிடும். அந்நேரம் குழியில் விழுந்தால், மேலும் அமுங்க இடம் மிச்சமிருக்காது. 1993இல் அதே கம்பனி, ‘டெலிலீவர்’ என்ற முறையில் தனியாக ஒரு கையைப் பொருத்தி இந்த அமுங்கலைக் குறைத்தது. ஆனால் நம் சின்னப் பைக்குகளுக்கு அது வரவில்லை.

நம் கையில் இருப்பது கவனம்தான். சொக்கில் ஒயில் கசிந்தால் துடைத்துவிட்டு ஓடாதீர்கள். அது டிஸ்க்கில் பட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது. கராஜில் கொடுத்து ஒயில் சீலை மாற்றுங்கள். அந்தப் பைக்குகளில்தான் நம் பிள்ளைகள் தினமும் பாடசாலை வாசலில் வந்து இறங்குகிறார்கள்.